பர்யூஷணம்: கோபத்துக்கு ஓராண்டுதான் கெடு

பண்டிகை என்றால் அதன் பின்னால் ஒரு நிகழ்ச்சி இருக்கும். யாராவது பிறந்திருப்பார், யாராவது அசுரனை வென்றிருப்பார், அறுவடை வீடு வந்து சேர்ந்திருக்கும். சமணர்களுக்கும் அப்படிப்பட்ட நாட்கள் உண்டு. மகாவீரர் பிறந்த நாள் பங்குனி, சித்திரை வாக்கில் வருகிறது. அவர் வீடுபேறு அடைந்த நாள் தீபாவளியோடு சேர்ந்து வருகிறது. ஆனால் ஆண்டின் தலையாய பண்டிகை எது என்று கேட்டால் இவை இரண்டையும் விட்டுவிட்டுப் பர்யூஷணத்தைத்தான் சொல்வார்கள். அதன் பின்னால் பிறப்பும் இல்லை, வெற்றியும் இல்லை. பலகாரம் கிடையாது, பட்டாசு கிடையாது. பல வீடுகளில் அடுப்பே அரை நாள்தான் எரியும்.

செய்தித்தாள்கள் இதை ‘சமணர்களின் உண்ணாநோன்பு விழா’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். நோன்பு உண்டுதான். ஆனால் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்க முடியாத நோயாளியும் பர்யூஷணத்தைக் குறைவின்றிக் கடைப்பிடிக்கலாம். எட்டு நாளும் வெறும் தண்ணீரில் இருந்துவிட்டு, தம்பியோடு இருக்கும் சொத்துத் தகராறை மட்டும் நெஞ்சில் பொத்தி வைத்திருப்பவர் கடைப்பிடித்ததாகக் கணக்கில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் எதற்காக என்று விளங்கிவிடும்.

தேதி எப்படி வருகிறது

சமணத் துறவிகள் ஆண்டில் எட்டு மாதம் ஊர் ஊராக நடந்துகொண்டே இருப்பவர்கள். வண்டி ஏறுவதில்லை, செருப்பு போடுவதில்லை. மழை தொடங்கியதும் இந்த நடை நின்றுவிடும். ஈர மண்ணில் புழுவும் பூச்சியும் பாசியும் முளையும் நிறைந்திருக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உயிர் நசுங்கும் என்பதால், நான்கு மாதம் ஒரே ஊரில் தங்கிவிடுவார்கள். இதுதான் சாதுர்மாசம். ஆஷாடப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி (நமக்கு அது ஆனியிலோ ஆடியிலோ வரும்) வடநாட்டுக் கார்த்திகைப் பௌர்ணமி வரை, 120 நாள்.

இந்த மழைக்காலத்தில் ஒரு மாதமும் இருபது நாளும் கழிந்த பிறகு மகாவீரர் பர்யூஷணம் மேற்கொண்டார் என்கிறது, சமணத்தின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்றான சுவேதாம்பரரின் கல்பசூத்திரம் என்ற நூல். அதாவது ஐம்பதாவது நாள். இன்னும் எழுபது நாள் மிச்சமிருக்கும்போது. எண்ணிப் பார்த்தால் அது பாத்ரபத மாத வளர்பிறைப் பஞ்சமியில் வந்து நிற்கும். நம் வழக்கில் சொன்னால் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள். பண்டிகையின் அச்சாணி இந்தப் பஞ்சமிதான்.

சுவேதாம்பரர்களுக்கு எட்டு நாள் பர்யூஷணம் இந்த நாளில் முடிகிறது. மற்றொரு பிரிவான திகம்பரர்களுக்குப் பத்து நாள் தசலட்சணம் இந்த நாளில் தொடங்கி அனந்த சதுர்த்தசியில் முடிகிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டார் நோன்பை முடிக்கும்போது எதிர்வீட்டார் தொடங்குவது இதனால்தான். சுவேதாம்பரரிலும் ஒரு நாள் வித்தியாசம் உண்டு. உருவ வழிபாடு உள்ளவர்கள் பெரும்பாலும் சதுர்த்தியிலேயே முடித்துவிடுவார்கள். உருவ வழிபாடு இல்லாத ஸ்தானகவாசிகளும் தேராபந்திகளும் பஞ்சமியில் முடிப்பார்கள். பைட்டண நகரத்து அரசன் பஞ்சமியன்று இந்திர விழா நடத்த வேண்டியிருந்ததால், அவனும் கலந்துகொள்ளட்டும் என்று காலகாசாரியர் என்ற துறவி ஒரு நாள் முன்னால் நகர்த்தினார் என்பது மரபு தரும் காரணம்.

2025இல் விநாயகர் சதுர்த்தி ஆகஸ்ட் 27, அனந்த சதுர்த்தசி செப்டம்பர் 6. அதிக மாதம் வருகிற ஆண்டில் எல்லாமே தள்ளிப் போகும். 2026இல் சதுர்த்தி செப்டம்பர் 14. ஆங்கிலத் தேதியை மனப்பாடம் செய்வதைவிட விநாயகர் சதுர்த்தியை அடையாளமாக வைத்துக்கொள்வது எளிது.

கெடு எங்கிருந்து வந்தது

சமணக் கர்மக் கொள்கையில் உயிரைக் கட்டிப்போடும் கறைகள் நான்கு: கோபம், செருக்கு, வஞ்சம், பேராசை. இவற்றைக் ‘கஷாயம்’ என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு தரம் உண்டு. தரத்தைப் பிரிக்கும் அளவுகோல் கோபம் எவ்வளவு கடுமையாக வெடித்தது என்பது மட்டும் அல்ல, எத்தனை நாள் தங்கியது என்பதும்தான்.

சுவேதாம்பரர் கணக்கில் மிக லேசான கோபத்துக்கு ஆயுள் பதினைந்து நாள். அதற்கு அடுத்தது நான்கு மாதம். மூன்றாவது ஓராண்டு. ஓராண்டையும் தாண்டிப்போனால் அது வாழ்நாள் முழுதும் தொடரும் ‘அனந்தானுபந்தி’. விளைவுகளும் இதே வரிசையில் ஏறுகின்றன. முதல் தரம் நிறைவான பற்றற்ற நிலையை மட்டும் தடுக்கும். இரண்டாவது துறவியின் விரதத்தைத் தடுக்கும். மூன்றாவது இல்லறத்தாரின் சிறு விரதங்களையும் தடுக்கும். நான்காவது நற்காட்சியையே, அதாவது சமணர் என்று சொல்லிக்கொள்வதற்கான அடிப்படையையே பறித்துவிடும். நீரில் கிழித்த கோடு, மணலில் கிழித்த கோடு, தரையில் விழுந்த வெடிப்பு, பாறையில் விழுந்த பிளவு என்று இந்த நான்குக்கும் உவமை சொல்வார்கள். கயவர் சினத்துக்குக் கல்லும் சான்றோர் சினத்துக்கு நீரும் என்று நாம் பள்ளியில் படித்த அதே உவமைதான்.

இப்போது சமணர்களின் பிரதிக்கிரமண அட்டவணையைப் பாருங்கள். செய்த பிழைகளை எண்ணிப் பார்த்து அவற்றிலிருந்து திரும்பி வரும் சடங்குக்குப் பிரதிக்கிரமணம் என்று பெயர். தினமும் காலை ஒன்று, மாலை ஒன்று. பதினைந்து நாளுக்கு ஒரு பெரியது. நான்கு மாதத்துக்கு ஒன்று. ஆண்டுக்கு ஒன்று. மேலே சொன்ன கெடுக்களோடு அச்சாகப் பொருந்துகிறது. தினமும் செய்பவருக்குக் கோபம் பதினைந்து நாளைத் தொடாது. எதையும் செய்யாமல் இருப்பவருக்கும் கடைசி வாய்ப்பாக ஆண்டுக்கு ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளின் பெயர் சம்வத்சரி. பர்யூஷணத்தின் முதல் ஏழு நாளும் அந்த ஒரு மாலைக்கான தயாரிப்பு.

எட்டு நாளும் என்ன நடக்கிறது

காலையில் துறவியின் சொற்பொழிவு, பகலில் கோயில் வழிபாடு, மாலையில் பிரதிக்கிரமணம். இதுதான் சட்டகம். உருவ வழிபாட்டுச் சுவேதாம்பரர்கள் முதல் மூன்று நாளும் பர்யூஷணக் கடமைகள் ஐந்தைப் பற்றிக் கேட்பார்கள். உயிர்க்கொலையை நிறுத்துதல், சக சமணரைப் பேணுதல், ஒருவரையொருவர் மன்னித்தல், மூன்று நாள் தொடர் நோன்பு, ஊரில் உள்ள கோயில்களுக்கெல்லாம் சென்று வணங்குதல் ஆகியவை அவை. முதல் கடமை வீட்டோடு நின்றதில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஹீரவிஜய சூரி என்ற துறவியின் வேண்டுகோளை ஏற்று அக்பர் பர்யூஷண நாட்களில் விலங்குகளைக் கொல்லத் தடை விதித்தார். அகமதாபாத்தில் இந்நாட்களில் நகராட்சி இறைச்சிக்கூடங்களை மூடுவது செல்லும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நான்காம் நாளிலிருந்து கல்பசூத்திர வாசிப்பு. ஐந்தாம் நாள் மகாவீரரின் பிறப்புப் பகுதி வரும்போது மட்டும் விழாக்கோலம் காணலாம். தாய் திரிசலை கண்ட கனவுகள் பதினான்கு (யானை, எருது, சிங்கம், திருமகள், மாலை, நிலா, சூரியன், கொடி, கலசம், தாமரைக் குளம், கடல், விமானம், மணிக்குவியல், புகையில்லா நெருப்பு) வெள்ளி உருவங்களாக மேலிருந்து இறக்கப்படும். ஒவ்வொன்றையும் ஏந்தி மாலையிடும் உரிமை ஏலத்தில் போகும். பழைய வழக்கம் மாறாத சங்கங்களில் ஏலம் இன்னும் ‘இத்தனை மணங்கு நெய்’ என்றே கேட்கப்படும். ஒரு மணங்குக்கு இவ்வளவு ரூபாய் என்று சங்கம் முன்கூட்டியே வைத்திருக்கும். திரளும் பணம் பெரும்பாலும் தேவதிரவியம். கோயிலைத் தவிர வேறு எதற்கும் எடுக்கக் கூடாது.

புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கே குழம்புவார்கள்: மகாவீரர் ஜெயந்தி ஆண்டுக்கு இரண்டா? இல்லை. அவர் பிறந்த திதி சைத்திர மாத வளர்பிறைத் திரயோதசி. இது நூலில் பிறப்புப் பகுதியை வாசிக்கும் நாள். அவ்வளவுதான். ஸ்தானகவாசிகளுக்குக் கனவு ஏலம் கிடையாது, கோயிலும் கிடையாது. அவர்கள் எட்டு நாளும் அந்தகிருத்தசா சூத்திரத்தை வாசிப்பார்கள்.

நோன்பின் படிகள்

‘நோன்பு’ என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் ஏணிபோலப் படிகள் இருக்கின்றன. யாரும் உச்சிப் படியில் தொடங்க வேண்டியதில்லை.

கீழ்ப்படி நவ்கார்சி. சூரியன் உதித்து 48 நிமிடம் கழியும் வரை வாயில் எதுவும் போடாமல் இருப்பது. குழந்தைகள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குவார்கள். அடுத்தது பியாசணம், பகலில் இரண்டே முறை உட்கார்ந்து சாப்பிடுவது. ஏகாசணம் ஒரே முறை. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தால் அன்றைய சாப்பாடு முடிந்தது. ஆயம்பிலும் ஒரே முறைதான். ஆனால் பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, வெல்லம், பச்சைக் காய்கறி, மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்த தானியமும் பருப்பும் மட்டும். நாக்கைப் பொறுத்தவரை பட்டினியைவிட ஆயம்பில் கடினம்.

இதற்கு மேல் உபவாசம். முந்தைய நாள் சூரியன் மறைவதில் தொடங்கி, நோன்பு நாள் முழுதும் தாண்டி, அதற்கடுத்த நாள் காலை நவ்கார்சி வரை, சுமார் 36 மணி நேரம். காய்ச்சிய தண்ணீரைப் பகலில் மட்டும் குடித்தால் திவிஹார் உபவாசம். தண்ணீரும் இல்லை என்றால் சௌவிஹார். திகம்பரரிடம் முறையான உபவாசம் என்றாலே தண்ணீரும் இல்லாததுதான்.

தொடர் நோன்புகளின் பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. அட்டம் என்பதில் எட்டு இருக்கிறது. ஆனால் அது எட்டு நாள் நோன்பு அல்ல, மூன்று நாள். விடப்படும் வேளைகளை எண்ணி வைத்த பெயர் அது. நாளுக்கு இரண்டு வேளை வீதம் மூன்று நாளுக்கு ஆறு, தொடங்குவதற்கு முந்தைய நாள் ஒன்று, முடித்த மறுநாள் ஒன்று, ஆக எட்டு. இதே கணக்கில் இரண்டு நாள் நோன்புக்குச் ‘சட்டம்’ என்று பெயர், அதாவது ஆறு. எட்டு நாள் முழுக்க இருப்பது அட்டாயி. முப்பது நாள் இருந்தால் மாசக்கமணம். அட்டம் இருக்கிறேன் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு எட்டு நாளைக்குப் பிறகு விருந்துக்குக் கூப்பிடப் போனவர்கள் உண்டு.

எல்லா நோன்புக்கும் முன்னால் ‘பச்சக்காண்’ என்ற உறுதிமொழி வேண்டும். துறவியிடமோ பெரியவரிடமோ சொல்லி எடுப்பது வழக்கம். எடுக்காமல் சும்மா சாப்பிடாமல் இருந்தால் பசிதான் மிஞ்சும், தவம் ஆகாது. இந்த உறுதிமொழியிலேயே விதிவிலக்குகள் எழுதப்பட்டிருப்பது பலருக்குத் தெரிவதில்லை. மறதியால் வாயில் போட்டுவிட்டால், தன்னையறியாமல் எதுவும் வாயில் விழுந்துவிட்டால், பெரியோர் தக்க காரணத்தோடு ஆணையிட்டால், உடலும் மனமும் நிலைகுலையும் ஆபத்து வந்தால் நோன்பு முறிந்ததாகாது. மறந்துபோய் ஒரு பிஸ்கட்டைக் கடித்தவர் நினைவு வந்ததும் துப்பிவிட்டு நோன்பைத் தொடரலாம். நினைவு வந்த பிறகும் விழுங்கினால்தான் முறிவு. நான்காவது விதிவிலக்கு மருந்துக்கும் பொருந்தும். ‘மாத்திரை போட்டால் நோன்பு கெட்டுவிடும்’ என்று ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துபவர்கள் சொந்த மதம் தந்த சலுகையையே படிக்காதவர்கள்.

ஓராண்டுக் கழுவாயாக எல்லோரும் ஓர் அட்டம் இருக்க வேண்டும் என்பது மரபு. முடியாதவர்களுக்கு ஈட்டு அட்டவணையும் உண்டு. மூன்று உபவாசத்துக்கு ஆறு ஆயம்பில் சமம். பன்னிரண்டு ஏகாசணம் சமம். இருபத்துநான்கு பியாசணம் சமம். அதுவும் இயலாதென்றால் ஆறாயிரம் பாடல் அளவுக்கு நூலோதல். சம்வத்சரி மாலையில் சபையிலேயே இதை அறிவிப்பார்கள். அன்றே முடிக்க வேண்டும் என்பதில்லை, பிறகும் நிறைவேற்றலாம்.

தண்ணீரும் சமையலும்

நோன்பாளி குடிக்கும் தண்ணீர் மூன்று முறை பொங்கி எழும் அளவுக்குக் கொதித்திருக்க வேண்டும். கைபொறுக்கும் சூடு போதாது. கொதித்த தண்ணீரை அகன்ற தாம்பாளத்தில் ஊற்றி ஆறவிடுவார்கள். ஆற நேரமில்லை என்று கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தால் மொத்தமும் பச்சைத் தண்ணீர்தான். காய்ச்சிய தண்ணீருக்கும் ஆயுள் உண்டு. சுவேதாம்பரர் கணக்கில் மழைக்காலத்தில் மூன்று ஜாமம், பனிக்காலத்தில் நான்கு, கோடையில் ஐந்து. ஒரு ஜாமம் சுமார் மூன்று மணி நேரம் என்றால், பர்யூஷணம் மழைக்காலத்தில் வருவதால் சுமார் ஒன்பது மணி நேரம்தான். அதற்குள் தீரும் அளவுக்கே காய்ச்ச வேண்டும். திகம்பரர் கணக்கு வேறு. கெட்டித் துணியில் வடிகட்டியது 48 நிமிடம், கிராம்பு போட்டது ஆறு மணி நேரம், காய்ச்சியது 24 மணி நேரம். வடிகட்டிய துணியை உதறிவிடக் கூடாது. தண்ணீர் எங்கிருந்து வந்ததோ அங்கேயே துணியை அலசி, அதில் தங்கிய உயிர்களைத் திருப்பி விட வேண்டும்.

சமையலில் உருளை, வெங்காயம், பூண்டு, கேரட், முள்ளங்கி, பீட்ரூட், இஞ்சி கிடையாது என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்தது. மண்ணுக்கடியில் விளையும் ஒரு கிழங்கில் எண்ணற்ற உயிர்கள் ஒரே உடலைப் பகிர்ந்து வாழ்கின்றன என்பது காரணம். இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் காய்ந்தபின் தடை இல்லை. ஆகவே சுக்கும் மஞ்சள் தூளும் சேர்க்கலாம். பச்சை இஞ்சியும் பச்சை மஞ்சளும் கூடாது. பர்யூஷணத்தில் இன்னும் ஒரு படி மேலே போய்க் கீரை, பச்சைக் காய்கறி எல்லாவற்றையும் நிறுத்திவிடும் குடும்பங்கள் நிறைய. எட்டு நாளும் பயறு, கடலை, அப்பளம், உலர்ந்த பொருட்கள் என்று ஓட்டிவிடுவார்கள்.

அதிகம் தெரியாத விதி ஒன்று தயிர்வடையைத் தொடுகிறது. காய்ச்சாத பால், தயிர், மோர் இவற்றோடு பருப்பு வகை சேரக் கூடாது. சேர்ந்த கணமே அதில் நுண்ணுயிர் தோன்றும் என்பது கொள்கை. தயிரை முதலில் நன்றாகச் சூடாக்கிவிட்டு அதன் பிறகு கடலைமாவு கரைத்தால் மோர்க்குழம்பு சரி. ஆறிய தயிரில் உளுந்து வடையை ஊறவைத்தால் தவறு. இரவு அரைத்து வைத்துப் புளித்த மாவைக் கண்டிப்பானவர்கள் தொடுவதில்லை. சமணத் தோழருக்கு இட்லி வைத்து உபசரிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

நோன்பு முடிக்கும் பாரணையில்தான் உண்மையான ஆபத்து. உறவினர் கூடி, நோன்பிருந்தவரை மணையில் உட்காரவைத்து, பாசத்தில் இனிப்பை ஊட்டுவார்கள். எட்டு நாள் காலியாகக் கிடந்த வயிறு அதைத் தாங்காது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் லேசான விளைவு. திடீரென்று மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைய ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத் துடிப்பையே குலைக்கக் கூடும். பழைய ஆட்கள் பாசிப்பயறு வேகவைத்த தண்ணீரில் தொடங்கியது வெறும் சம்பிரதாயம் அல்ல. அதைச் சிறிது சிறிதாக, பிறகு நீர்த்த கஞ்சி, மறுநாள் குழைந்த சாதம் என்று படிப்படியாக ஏற வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசத்தில் இறங்கக் கூடாது. அவர்களுக்காகத்தான் மேலே சொன்ன ஈட்டு அட்டவணை இருக்கிறது.

சம்வத்சரி மாலை

அன்று மாலை, துறவிகள் தங்கும் இடமான உபாசிரயத்தில் சுமார் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். கம்பளி ஆசனம், வாயருகே பிடிக்கும் துணியான முகபத்தி, எறும்பு இருந்தால் மெல்ல ஒதுக்கும் கம்பளி நூல் துடைப்பம் ஆகிய மூன்றும் கையில். செல்பேசி கூடாது. விளக்கு வெளிச்சத்தில் புத்தகம் பார்ப்பதும் கூடாது என்பதால் ஒருவர் மனப்பாடமாகச் சொல்ல மற்றவர் கேட்பார்கள்.

சடங்குக்கு ஆறு உறுப்புகள்: சமநிலையில் அமர்தல், தீர்த்தங்கரர் இருபத்துநால்வர் துதி, ஆசிரியர் வணக்கம், பிழை எண்ணுதல், உடலை மறந்து அசையாது நிற்றல், இனிச் செய்யேன் என்ற உறுதி. அசையாது நிற்பதன் நீளம் பிரதிக்கிரமணத்துக்குத் தக்கபடி கூடும். உருவ வழிபாட்டாரின் முறையில் பதினைந்து நாளுக்கான சடங்கில் 12 முறை ‘லோகஸ்ஸ’ துதியை மனத்துக்குள் சொல்லும் நேரம், நான்கு மாதத்துக்கானதில் 20 முறை, சம்வத்சரியில் 40 முறையோடு ஒரு நவகார மந்திரம். லோகஸ்ஸ ஒன்றுக்கு 25 மூச்சு, நவகாரத்துக்கு 8. கூட்டினால் 1,008 மூச்சு.

பிழை எண்ணும் பகுதியில் மன்னிப்பு கேட்கும் பட்டியல் மனிதரோடு நிற்பதில்லை. மண், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றை உடலாகக் கொண்ட உயிர்கள் ஒவ்வொன்றிலும் 7 லட்ச வகை, தனி உடல் தாவரம் 10 லட்சம், பகிர்ந்த உடல் தாவரம் 14 லட்சம், ஈரறிவு, மூவறிவு, நாலறிவு உயிர்கள் தலா 2 லட்சம், தேவர், நரகர், ஐயறிவு விலங்குகள் தலா 4 லட்சம், மனிதர் 14 லட்சம், மொத்தம் 84 லட்சம். எல்லா உயிரையும் நான் மன்னிக்கிறேன், எல்லா உயிரும் என்னை மன்னிக்கட்டும், எவரோடும் எனக்குப் பகை இல்லை என்று அதற்குப் பின் சொல்வார்கள். தான் மன்னிப்பது முதலில் வருகிறது, கேட்பது அதற்கு அடுத்து. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

திகம்பரரின் பத்து நாள்

தமிழ்நாட்டின் பூர்விகச் சமணர்கள், அதாவது வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் வாழும் நயினார்கள், திகம்பரர்கள். மேல்சித்தாமூர் மடம் இவர்களுடையது. கல்பசூத்திரத்தைத் திகம்பரர் ஏற்பதில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் பத்து அத்தியாயங்களைப் பத்து நாளில், நாளுக்கு ஒன்றாக வாசிப்பது அவர்கள் வழக்கம். நாளுக்கு ஓர் அறமும் உண்டு: பொறை, பணிவு, நேர்மை, பேராசையற்ற தூய்மை, வாய்மை, அடக்கம், தவம், துறத்தல், எனது என்பதின்மை, பிரம்மசரியம்.

இந்த வரிசை சும்மா அடுக்கியது அல்ல. முதல் நான்கையும் முன்பு பார்த்த நான்கு கறைகளோடு வைத்துப் பாருங்கள். கோபத்துக்குப் பொறை, செருக்குக்குப் பணிவு, வஞ்சத்துக்கு நேர்மை, பேராசைக்குத் தூய்மை. சுவேதாம்பரர் எட்டாம் நாளில் சென்று சேரும் இடத்தைத் திகம்பரர் முதல் நாளிலேயே தொட்டுத் தொடங்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ‘உத்தம’ என்ற அடைமொழி உண்டு. எதிர்த்துப் பேச வலுவில்லாமல் பொறுத்துப்போவது பொறை ஆகாது, திருப்பி அடிக்க முடிந்தும் அடிக்காததே உத்தமப் பொறை என்று விளக்குவார்கள். ஆறாம் நாள் சுகந்த தசமி, கோயில்களில் நறும்புகை இடும் நாள். கடைசி நாளான அனந்த சதுர்த்தசி, பன்னிரண்டாம் தீர்த்தங்கரர் வாசுபூஜ்யர் வீடுபேறு அடைந்த திதியும் ஆகும். பௌர்ணமிக்கு மறுநாள் க்ஷமாவாணி. மன்னிப்புக் கேட்பதும் தருவதும் அன்றைக்கு.

‘மிச்சாமி துக்கடம்’

சம்வத்சரியில் சுவேதாம்பரர் சொல்லும் இந்தச் சொல்லுக்கு ‘நான் செய்த தீமை பயனற்றுப் போகட்டும்’ என்று பொருள். திகம்பரர் ‘உத்தம க்ஷமா’ என்பார்கள். இன்றைக்கு இது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு பறக்கிறது. ‘தெரிந்தோ தெரியாமலோ உங்கள் மனத்தைப் புண்படுத்தியிருந்தால்’ என்ற அதே வாசகம் ஐந்நூறு பேருக்குப் போகும். அந்த ஐந்நூறில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணி மட்டும் இருக்க மாட்டார். கெடு யாருக்காக வைக்கப்பட்டதோ அவரைத் தவிர எல்லோருக்கும் போய்ச் சேரும் செய்தி அது.

இந்தப் போலித்தனம் புதிதும் அல்ல. பழைய கதை ஒன்று. ஓர் இளம் துறவி குயவர் வீட்டருகே தங்கியிருந்தார். காயவைத்த பானைமேல் ஒரு கல்லை எறிந்தார், பானை ஓட்டையானது. குயவர் கேட்டதும் ‘மிச்சாமி துக்கடம்’ என்றார். அடுத்து இன்னொரு கல், இன்னொரு பானை, மறுபடியும் ‘மிச்சாமி துக்கடம்’. குயவர் ஒரு கூழாங்கல்லை எடுத்துத் துறவியின் காதில் வைத்து முறுக்கினார். வலியில் துறவி அலறியதும் குயவர் ‘மிச்சாமி துக்கடம்’ என்றார். மறுபடியும் முறுக்கினார், மறுபடியும் அதையே சொன்னார்.

மன்னிப்பு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்குப் பர்யூஷணச் சொற்பொழிவுகளில் தவறாமல் வருவது உதாயணன் கதை. சிந்து சௌவீர நாட்டு அரசனான அவன், தன்னிடமிருந்து ஜின உருவத்தையும் பணிப்பெண்ணையும் கவர்ந்து சென்ற உச்சயினி அரசன் சண்டப்பிரத்யோதனைப் போரில் பிடித்து, நெற்றியில் ‘தாசி கணவன்’ (பணிப்பெண்ணின் கணவன்) என்று சூடு போட்டு, கட்டி இழுத்துக்கொண்டு திரும்புகிறான். வழியில் மழை பிடித்துக்கொள்ள, தசபுரத்தில் பாசறை. அது இன்றைய மந்த்சோர். பர்யூஷணம் வருகிறது, உதாயணன் உபவாசம். சமையல்காரன் கைதியிடம் போய், ‘இன்று உங்களுக்கு மட்டும்தான் சமையல், என்ன வேண்டும்?’ என்கிறான். தனியாகச் சமைத்து விஷம் வைக்கப் போகிறார்கள் என்று பயந்த பிரத்யோதன், ‘எனக்கும் இன்று உபவாசம்’ என்று சமாளிக்கிறான். அது சாக்கு என்பது உதாயணனுக்குத் தெரிகிறது. இருந்தாலும், சக சமணன் ஒருவனைக் கட்டிவைத்துக்கொண்டு நான் செய்யும் சம்வத்சரி செல்லாது என்று கட்டை அவிழ்த்துவிடுகிறான். நெற்றித் தழும்பை மறைக்கப் பொற்பட்டம் கட்டி, நாட்டையும் திருப்பித் தருகிறான். கைதியிடம் ‘மன்னித்துக்கொள்’ என்று சொல்வது எளிது. விலங்கைக் கழற்றாமல் சொன்னால் கணக்கில் வராது என்பதைத்தான் சொற்பொழிவாளர்கள் இங்கே அழுத்துவார்கள்.

நடைமுறையில் முறை இதுதான். சண்டை உள்ளவரிடம் முதலில் போக வேண்டும், நேரில் அல்லது தொலைபேசியில். ‘எதாவது செய்திருந்தால்’ என்று மழுப்பாமல் செய்ததைச் சொல்லிக் கேட்க வேண்டும். தர வேண்டிய பணம், திருப்ப வேண்டிய பொருள் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுக் கேட்க வேண்டும். எதிராளி ஏற்காவிட்டால்? கேட்டவரின் கடமை முடிந்தது. ஏற்க மறுப்பவரின் கடிகாரம்தான் தொடர்ந்து ஓடும். வயதில் பெரியவர் சிறியவரிடமும், மாமியார் மருமகளிடமும், முதலாளி வேலையாளிடமும் கேட்பது இந்த ஒரு நாளில் இயல்பு. யார் முதலில் என்ற கேள்விக்கு இடமே இல்லை, செருக்கும் அந்த நான்கு கறைகளில் ஒன்றுதானே.

சமணர் அல்லாத ஒருவருக்கு இந்தச் செய்தி வந்தால் பதிலுக்கு ‘மிச்சாமி துக்கடம்’ என்று சொன்னால் போதும். ‘பரவாயில்லை, நீங்கள் ஒன்றும் செய்யவில்லையே’ என்று மறுக்க வேண்டாம், கேட்டவருக்கு அது பாதிக் கதவை மூடினது போல ஆகிவிடும். வாழ்த்துச் சொல்ல இனிப்புப் பெட்டியோடு போவதும் வேண்டாம், அன்று அநேகமாக வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். அட்டாயி முடித்தவரைப் பார்க்க வேண்டுமென்றால் பாரணை நாளில் காலையிலேயே போங்கள். மாலை என்றால் சூரியன் மறைவதற்குள் விடைபெற்றுவிடுங்கள், இல்லையென்றால் உங்களை உபசரிப்பதா தங்கள் சாப்பாட்டை முடிப்பதா என்று அவர்கள் திண்டாடுவார்கள்.